மாப்பிள்ளையின் மண்ணீரல்

போன மாதம் பலெர்மோவில் ஒரு பெண்ணின் இரைப்பையில் நெருப்பு இருப்பதாக ஒரு கைத்தொலைபேசி தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற சீன வைத்திய நிலையத்தில்தான் இது நடந்தது. நோயாளி எங்கள் ஆள், தமிழ்ப் பெண். டாக்டர் புதியவர், இத்தாலிக்காரர். இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருந்த கதிரையில் இப்போது ஒரு தொலைபேசி இருக்கிறது. தமிழில் சொன்னால் அது இத்தாலியனில் சொல்லும். அந்தப் பெண் தன் மச்சாள் புதுக் கார் வாங்கிய கதையை இழுத்து இழுத்துச் சொல்லி, "எனக்கு ஒரே வயித்தெரிச்சல்" என்று முடித்திருக்கிறாள். தொலைபேசி அதை அப்படியே வயிறு எரிகிறது என்று சொல்ல, டாக்டர் உறைப்பைக் குறை, பொரியலை நிறுத்து, நாக்கைக் காட்டு என்று தொடங்கிவிட்டார்.

அங்கே வரவேற்பில் வேலை செய்யும் நிரோஷா எனக்குப் போன் எடுத்து இதைச் சொல்லிவிட்டு மூச்சுப் பிடிக்கச் சிரித்தாள். "அக்கா, இப்பிடி இன்னும் எத்தினை சொல்லு இருக்குமோ தெரியேல்லை. நீங்க உங்கடை அனுபவத்தை ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்றாள். சரி, எழுதுகிறேன். ஆனால் அந்தத் தொலைபேசியைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஒரு மச்சாளின் காரைத்தான் நெருப்பாக்கியது. நான் ஒரு கலியாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவள்.

மன்னாரிலிருந்து வந்து முதல் ஆறு வருடம் வீட்டு வேலைதான். ஒரு இத்தாலிய அம்மாவின், ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் தரை துடைப்பேன், இன்னொரு சிஞ்ஞோராவின் தாயைக் குளிப்பாட்டுவேன். அந்தத் தாய்க்கு முழங்கால் வலி. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் சீன வைத்தியம் பார்க்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். அங்கேதான் தொத்தொரெஸ்ஸா லியூவை முதன்முதலாகக் கண்டேன்; தொத்தொரெஸ்ஸா என்றால் இத்தாலியனில் பெண் டாக்டர். சீனாவில் வைத்தியம் படித்து, இங்கே வந்து மறுபடியும் எல்லாப் பரீட்சையும் எழுதி டாக்டரானவர். ஐந்தடிகூட இருக்க மாட்டார். தலைமயிரைச் சுருட்டி ஒரு பென்சிலால் குத்திக் கொண்டை போட்டிருப்பார். எழுத வேண்டும் என்றால் அந்தப் பென்சிலைத்தான் உருவுவார். கொண்டை அவிழ்ந்து தோளில் விழும். எழுதி முடித்ததும் மறுபடி சுருட்டிக் குத்துவார். நோயாளிகள் பாதிப் பேர் அந்த வேடிக்கையிலேயே வலியை மறந்துபோவார்கள்.

அவருக்குத் துப்புரவு செய்ய ஆள் தேவைப்பட்டது, நான் போனேன். ஒரு வருடத்துக்குள் துடைப்பத்தை வைத்துவிட்டு ஊசித் தட்டைத் தூக்கினேன். எங்கள் ஆட்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் அங்கே வரத் தொடங்கியதுதான் காரணம். வந்தவர்களுக்கு வேலைத்தல இத்தாலியன்தான் தெரியும். கழுவு, துடை, நாளை வா என்பதை வைத்துக்கொண்டு முதுகுவலியை விளக்க முடியாது. கையில் ஈரத் துணியோடு நான்தான் வாசலில் நின்று மொழிபெயர்ப்பேன்.

தொத்தொரெஸ்ஸா இத்தாலியனில் பேசுவதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். நோயாளியைத் தொடுவதற்கு முன் சுடுதண்ணீர்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்து உள்ளங்கையைச் சூடாக்குவார். "குளிர்ந்த கையால தொட்டால் நாடி ஓடி ஒளிச்சுடும்" என்பார். பிறகு யன்னலோரம் நிறுத்தி நாக்கைப் பார்ப்பார். அதிக நேரம் நீட்டினால் நிறம் மாறிவிடும் என்று மூன்று எண்ணுவதற்குள் உள்ளே போடச் சொல்லிவிடுவார். பிறகு நாடி. ஒவ்வொரு கைக்கும் மூன்று விரல். முதலில் மெல்லத் தொட்டு, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு எலும்பு வரைக்கும் அழுத்திப் பார்ப்பார். அந்த நேரம் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமினால் யன்னலை முறைப்பார், அது ஏதோ வெட்கப்பட்டு நின்றுவிடப் போவது போல. ஊசிகளை எண்ணித் தட்டில் வைப்பது என் வேலை. எடுக்கும்போது சத்தமாக எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்து வந்தால்தான் நோயாளி சப்பாத்துப் போடலாம். ஒரு தடவை ஒரு ஊசி குறைந்து, ஒரு சிஞ்ஞோராவை ஒரு மணி நேரம் வெறுங்காலோடு உட்கார வைத்துத் தேடினோம். அது என் சட்டைக் கையில் குத்திக்கொண்டு நின்றது.

சொற்கள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின. உடம்புக்குள் ஓடித் திரிகிற உயிரோட்டத்துக்குச் சீனத்தில் ஒரு சொல் இருக்கிறது. உச்சரித்தால் நம் காதில் "ச்சீ" என்று விழும். நான் தொடக்கத்தில் ஒரு அக்காவிடம், "உங்கடை ச்சீ சரியில்லையாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து அதற்கு "ஓட்டம்" என்றுதான் சொல்வேன்.

எங்கள் ஆட்கள் வரத் தொடங்கிய புதிதில் தொத்தொரெஸ்ஸா கலங்கிப்போனார். சீன வைத்தியத்தில் நாக்கின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் இருக்க வேண்டும். அது இரைப்பையிலிருந்து எழும்பி வருகிற ஆவி. படலமே இல்லையென்றால் இரைப்பை வறண்டுவிட்டது என்று கணக்கு. வந்த தமிழர் அத்தனை பேருக்கும் நாக்கு கழுவிவிட்ட தட்டுப் போலப் பளிச்சென்று இருந்தது. மூன்று கிழமையாக எல்லோருக்கும் இரைப்பையில் ஈரம் ஊற மருந்து எழுதினார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிகவும் இரக்கமான குரலில், "ஜசிந்தா, உங்கடை ஊரில ஏதும் பஞ்சம் வந்ததா?" என்று கேட்டார்.

நான் அடுத்த நாள் வீட்டிலிருந்து நாக்கு வழிக்கும் தகட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதால என்ன செய்யிறது?"

வழித்துக் காட்டினேன்.

"தினமுமா?"

"ஓம். டாக்டரிட்டைப் போற நாளிலை இன்னும் வடிவாய் வழிச்சுப்போட்டுத்தான் வருவினம்."

கொண்டைப் பென்சிலை உருவினார், ஒன்றும் எழுதாமல் மறுபடி குத்தினார். பிறகு என் கையெழுத்தில் ஒரு அறிவித்தல் எழுதி வாசலில் ஒட்டச் சொன்னார்: நாக்கு வழிக்காமல் வரவும். ஒட்டிவிட்டுத் திரும்பினால் பின்னால் நிற்கிறார்.

"மூன்று கிழமை ஏன் சும்மா இருந்தாய்?"

"நீங்க டாக்டர். உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

"நான் நாக்கைத்தான் பார்க்கிறேன். அந்த ஆளை நீதான் பார்க்கிறாய். பிழையைக் கண்டால் அன்றைக்கே சொல்ல வேணும். ஆருடைய பிழை எண்டாலும்."

தலையை ஆட்டினேன். எவ்வளவு இலகுவாக ஆட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஏழெட்டு வருடம் கழித்து றீற்றா அக்கா ஒரு பெடியனைச் சட்டையில் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். றீற்றா அக்கா ஊரிலிருந்து மகளிடம் வந்து இரண்டு வருடம், பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்தவர். மாதா கோயில் வாசலில் அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். பெடியன் ஜெறோம், அவருடைய மகள் ஷெறினுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. பிரான்காச்சோப் பகுதியில் ஒரு தளபாடப் பட்டறையில் வேலை. கலியாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

"அக்கா, பாருங்கோ இவனை. கலியாணக் கோட்டு தோளிலை நிக்குதில்லை, வழுகுது. சாப்பிட்டால் வயிறு ஊதுது, பிறகு நித்திரை. பஸ்ஸிலை நித்திரையாகி இறங்கிற இடம் தாண்டிப் போறானாம். இவனை வைச்சுக்கொண்டு நான் எப்பிடிப் பந்தி வைக்கிறது?"

தொத்தொரெஸ்ஸா கையைச் சூடாக்கினார், நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார். "மண்ணீரல் பலவீனம். மண்ணீரலுக்கு ஊட்ட வேணும்" என்றார். என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் இத்தாலியனில் எழுதி என்னிடம் தந்தார். அந்த நேரம் இரண்டு தொலைபேசி அடிக்கிறது, உள் அறையில் ஊசியோடு படுத்திருந்த ஒரு சிஞ்ஞோரா காலை நீட்டலாமா என்று கத்துகிறார். நான் தாளை றீற்றா அக்காவின் கையில் திணித்து, வாசலில் நின்றபடி இரண்டே வசனம் சொன்னேன்.

"மண்ணீரல் பலவீனமாம். மண்ணீரலுக்கு ஊட்ட வேணுமாம்."

ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. தொத்தொரெஸ்ஸா சொன்னதை அப்படியே சொன்னேன். பிழை அங்கேதான் இருந்தது.

வேறு ஊராக இருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மண்ணீரலுக்கு எங்கே போவது? ஆனால் இது பலெர்மோ. எங்கள் வாசலை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் சந்தையில் மண்ணீரல் பொரிந்துகொண்டிருக்கும். மாட்டின் மண்ணீரலையும் சுவாசப்பையையும் அவித்து, மெல்லிசாகச் சீவி, பன்றிக் கொழுப்பில் பொரித்து, வட்ட ரொட்டிப் பாணுக்குள் திணித்துத் தருவார்கள். இந்த ஊர்க்காரருக்கு அது உயிர். றீற்றா அக்காவின் கணக்கு நேர்க்கணக்கு. இரத்தம் குறைந்தவர்களுக்கு ஈரல் சமைத்துக் கொடுப்பதில்லையா? மண்ணீரல் குறைந்தவனுக்கு மண்ணீரல். தாள் கைப்பைக்குள் மடிந்து கிடந்தது. மாப்பிள்ளைக்குக் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

இந்தப் பாணில் இரண்டு வகை உண்டு. சும்மா தேசிக்காய் பிழிந்து கொடுத்தால் அதற்குப் பெயர் ஸ்கெத்து, அதாவது தனிக்கட்டை. சீஸ் போட்டால் மரித்தாத்து, கலியாணம் கட்டியது. முதல் நாள் கடைக்காரர் ஜெறோமைப் பார்த்து, "ஸ்கெத்துவா, மரித்தாத்துவா?" என்று கேட்டிருக்கிறார். இவன் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, மரியாதையாக, "இப்ப ஸ்கெத்து, அடுத்த மாதம் மரித்தாத்து" என்று சொல்லியிருக்கிறான். கடைக்காரர் ஓடி வந்து கட்டிப்பிடித்து, கலியாணப் பரிசு என்று இரண்டு மடங்கு சீஸ் போட்டுக் கொடுத்தாராம். பிறகு ஒவ்வொரு நாளும் அதேதான்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெறோமுக்கு விக்கல் தொடங்கியது. தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள், சீனி தின்னக் கொடுத்தார்கள், முதுகில் குத்தினார்கள். நிற்கவில்லை. எங்களுக்குப் போன் எடுத்தபோது, "இரண்டு நாள் தாண்டின விக்கல் எண்டால் முதலிலை ஆஸ்பத்திரி, பிறகுதான் நான்" என்று தொத்தொரெஸ்ஸா சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் நெஞ்சையும் இரத்தத்தையும் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு குளிசை கொடுத்தார்கள். அந்தக் குளிசையில் அவன் பஸ்ஸில் உறங்கி, விக்கிக்கொண்டே, இரவில் பஸ்களை நிறுத்தி வைக்கும் டிப்போ வரைக்கும் போய்விட்டான். சாரதி விக்கல் சத்தத்தை வைத்துத்தான் பின்சீட்டில் ஆள் இருப்பதைக் கண்டுபிடித்தாராம். கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது எங்களிடம் வந்தார்கள். ஜெறோம், ஷெறின், றீற்றா அக்கா மூன்று பேரும். ஷெறின் ஒரு ஐஸ்கிரீம் கடையில் வேலை செய்கிறவள், இத்தாலியன் வெளுத்து வாங்குவாள், கண்ணில் குறும்பு உள்ள பிள்ளை. அன்றைக்கு முகம் வாடியிருந்தது.

உள்ளே ஒருவருக்கு ஊசி நடந்துகொண்டிருந்ததால் காத்திருக்க வேண்டியதாயிற்று. றீற்றா அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நம்மவர் நம்பிக்கை. ஒவ்வொரு பெயராகச் சொல்ல வேண்டும். எந்தப் பெயரில் விக்கல் நிற்கிறதோ, அவர்தான் நினைத்தவர்.

"ஆரோ இருந்து நினைக்கினம். பொறு, நான் பிடிக்கிறன்" என்று றீற்றா அக்கா கதிரையை அவனுக்கு நேரே இழுத்துப் போட்டார். "ஷெறின்!"

"ஹிக்."

ஷெறின் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, விடுங்கோ."

"நீ பேசாமல் இரு. றீற்றா!"

"ஹிக்."

மன்னாரில் இருக்கும் தாய், தமையன்மார், மாமா, மாமி, பட்டறைக் கூட்டாளிகள், கோயில் பாடகர் குழுவில் ஒருவர் மிச்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஹிக், ஹிக். பக்கத்தில் முழங்கால் வலியோடு இருந்த ஒரு சிஞ்ஞோரா என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "கொன்செத்தா எண்டு சொல்லிப் பாருங்கோ!" என்றார். கொன்செத்தா அவருடைய அக்கா. எல்லோரையும் நினைக்கிறவராம். அதற்கும் ஹிக். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஷெறின்கூடச் சிரித்துவிட்டாள்.

றீற்றா அக்கா கண்ணைச் சுருக்கினார். "பொறு. உனக்கு முந்தி பேசாலையிலை ஒரு கலியாணப் பேச்சுக்கால் வந்ததெண்டு ஆரோ சொன்னவை. அந்தப் பெட்டையின்ரை பேரென்ன... மெற்றில்டா!"

விக்கல் இல்லை.

நாங்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம். ஜெறோமின் முகம் வெள்ளைத் துணி போல வெளுத்துவிட்டது. ஒரு நிமிடம் போயிருக்கும். விக்கல் வரவேயில்லை.

"ஆர் மெற்றில்டா?" என்று ஷெறின் மெல்லக் கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். சொல்லும் வரவில்லை, விக்கலும் வரவில்லை. ஷெறின் எழுந்தாள். நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றிச் சஞ்சிகைகள் இருந்த மேசையில் வைத்தாள். கதவைத் திறந்து படிக்கட்டுக்குப் போய்விட்டாள். "பிள்ளை! பிள்ளை!" என்று தாய் பின்னால் ஓடினார். கதவு சாத்தியதும் ஜெறோம் பரிதாபமாக ஒரு ஹிக் போட்டான்.

அவனை உள்ளே கூட்டிப் போனேன். தொத்தொரெஸ்ஸா கையைச் சூடாக்கிவிட்டு நாக்கைப் பார்த்தார். முதல் தடவை பார்த்த மெல்லிய படலம் இல்லை. பாணுக்கு வெண்ணெய் பூசினது போலத் தடிப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. "இவன் என்ன சாப்பிடுறான்?" என்று கேட்டார்.

நான் கேட்டேன். அவன் என்னை வியப்போடு பார்த்தான்.

"நீங்க சொன்னதுதானே அக்கா. மண்ணீரல். காலமை ஒரு பாண், பின்னேரம் ஒரு பாண்." ஹிக். "ஒரு நாளும் விடேல்லை."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கலியாணம் மேசையில் கழற்றி வைத்துக் கிடக்கிறது. காரணம் நான். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "பாண் சாப்பிடுறானாம்" என்று சொன்னால் முடிந்தது. பொய்யும் இல்லை. என் வேலை தப்பும், ஒரு குருவிக்கும் தெரியாது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த வசனம் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

பிறகு அவன் என்னைப் பார்த்து இன்னொரு ஹிக் போட்டான். நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு விக்குகிற ஒரு பிள்ளைக்கு முன்னால் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். வாசலில் நின்று இரண்டு வசனம் சொன்னது, தாளை வாசித்துக் காட்டாதது, சந்தை, கடைக்காரர், மோதிரம், மெற்றில்டா, ஒன்றும் விடவில்லை. தொத்தொரெஸ்ஸா அசையாமல் கேட்டார்.

"சீஸ் போட்டதா?"

"ஓம். மரித்தாத்து. இரண்டு மடங்கு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். திரும்பியபோது கண்ணெல்லாம் தண்ணீர். மனுஷி சிரித்திருக்கிறார். அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"ஜசிந்தா, இறைச்சிக்கடையில் தொங்குற மண்ணீரல் வேற, நான் சொல்லுற மண்ணீரல் வேற. எங்களுக்கு அது ஒரு உறுப்பின் பெயர் இல்லை, ஒரு வேலையின் பெயர். சாப்பாட்டை உடம்பாக மாற்றி மேலே அனுப்புற வேலை. இரைப்பையின் வேலை கீழே அனுப்புறது. இவனுடைய இரைப்பையில் நீங்கள் கொழுப்பைக் கொட்டி அடைச்சுப்போட்டியள். கீழே போக வழியில்லாமல் ஓட்டம் மேலே உதைக்குது. அதுதான் விக்கல்." பிறகு திடீரென்று முகம் கூர்மையானது. "அந்தப் பெயரைச் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது?"

"வெளிறிப்போச்சு."

"கோபம் வந்தால் ஓட்டம் மேலே ஏறும். பயம் வந்தால் கீழே இறங்கும். பயந்திருக்கிறான், ஓட்டம் இறங்கியிருக்கு, விக்கல் நின்றிருக்கு. நினைச்சது ஆரோ, அது எனக்குத் தெரியாது. போ. அந்தப் பிள்ளையிட்டை நீயே சொல்லு."

இரண்டு புருவத்தின் உள்முனையிலும், இரண்டு மணிக்கட்டிலும், இரண்டு முழங்காலுக்குக் கீழும் ஊசி வைத்தார். ஆறு. எண்ணிவிட்டு வெளியே ஓடினேன்.

ஷெறின் முதலாம் மாடிப் படியில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். றீற்றா அக்கா பக்கத்தில் நின்று பேசாலை ஊரையே திட்டிக்கொண்டிருந்தார். நான் அவள் பக்கத்தில் படியில் இருந்தேன்.

"பிள்ளை, உங்கடை மாப்பிள்ளைக்கு விக்கல் வரப்பண்ணினது நான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாங்கள் எல்லாரும் வீட்டு வேலை தெரிஞ்ச சனம். அப்பிடியே சொல்லுறன், கேளுங்கோ. உடம்பு ஒரு பெரிய வீடு. இருதயம்தான் சிஞ்ஞோரா. சுவாசப்பை யன்னல் திறக்கிற ஆள். ஈரல், கோபக்கார மேற்பார்வையாளர். சிறுநீரகம் களஞ்சியத் திறப்பு வைச்சிருக்கிறவ. மண்ணீரல் சமையல்காரி. சமையல்காரி களைச்சுப்போனா எண்டுதான் தொத்தொரெஸ்ஸா சொன்னவ. அவவுக்குக் கஞ்சி, பூசணிக்காய் மாதிரி லேசான வேலை குடுக்கச் சொன்னவ. அவவுக்கு இன்னொரு சமையல்காரியைக் கொழுப்பிலை பொரிச்சுக் குடுக்கச் சொல்லேல்லை."

றீற்றா அக்கா நெஞ்சில் கை வைத்தார். "அப்ப மண்ணீரல் தின்னச் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"கோதாரி! நான் இன்னும் மூண்டு பேருக்குச் சொல்லிப்போட்டனே!"

ஷெறினுக்குச் சமையல்காரியில் அக்கறை இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மெற்றில்டா?" என்றாள்.

பயம் வந்தால் ஓட்டம் கீழே இறங்கும் கதையைச் சொன்னேன். இந்த முறை அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "உங்கடை அம்மா முகத்துக்கு நேரை கேட்டால் நானே பயந்திருப்பன், பிள்ளை."

"அப்ப என்ரை பேரைச் சொன்னபோது ஏன் நிக்கேல்லை?"

அந்தக் கேள்விக்குத் தொத்தொரெஸ்ஸா பதில் தந்து அனுப்பவில்லை. நானாகத்தான் சொன்னேன். "அவனுக்கு உங்களிலை பயமில்லை. உங்கடை பேரைக் கேட்டால் அவன்ரை உடம்பு ஒண்டுக்கும் நடுங்கேல்லை. அதாலைதான் விக்கல் நிக்காமல் தன்பாட்டிலை வந்தது."

அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்து மேலே போனாள். ஊசிகளோடு படுத்திருந்தவனின் தலைமாட்டில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"சொல்லும்."

"படம் மட்டும்தான் காட்டினவை," ஹிக், "நான் வேண்டாமெண்டனான். உமக்குச் சொல்லப் பயந்து," ஹிக், "விட்டிட்டன்."

"இனிப் பயந்தால் அதையும் சொல்லும்."

மோதிரத்தை எடுக்க வெளியே வந்தால் அது மேசையில் இல்லை. நான் மேசைக்கடியில் குனிந்து தேடினேன். முழங்கால் சிஞ்ஞோரா மெல்லத் தன் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். யாரும் தொட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு நேரமும் பொத்தி வைத்திருந்தாராம். ஷெறின் அவரைக் கட்டிக்கொண்டாள், றீற்றா அக்கா என்னைக் கட்டிக்கொண்டார், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அந்த ஆறு நாளில் ஜெறோம் இன்னும் இரண்டு தடவை வந்தான். தாளில் இருந்ததை வரி வரியாக வாசித்துக் காட்டினேன். அரிசிக் கஞ்சி, பூசணி, கொஞ்சம் இஞ்சி, ஆறுதலாக இருந்து சாப்பிடுவது. விக்கல் குறைந்து குறைந்து, ஒரு நாளைக்கு நாலைந்து என்று வந்து நின்றது. கலியாணத்துக்குத் தொத்தொரெஸ்ஸாவையும் அழைத்தார்கள். அவர் கோயிலில் என் பக்கத்தில் இருந்தார். கொண்டையில் பென்சில்தான், ஆனால் புதுப் பென்சில்.

மாப்பிள்ளை கோட்டு வழுகாமல் உள்ளே வந்தான். நாலு அடி வைத்ததும், "ஹிக்."

கோயில் உயரமானது, ஒரு விக்கல் மூன்றாகக் கேட்டது. காலையிலிருந்து பதற்றத்தில் மறுபடி பிடித்துக்கொண்டதாம். வாசகத்தின்போது ஹிக், பிரசங்கத்தின்போது ஹிக். பூசை வைத்த சுவாமி ஒவ்வொரு விக்கலுக்கும் நின்று நின்று பேசினார். பின்வரிசையில் சிரிப்பை அடக்க முடியாமல் இருமத் தொடங்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை. இந்தப் பிள்ளை சம்மதம் சொல்ல வேண்டிய இடத்தில் விக்கினால் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லியே சிரிப்பார்களே, அதுவும் என்னால்தானே என்று ஒரே கலக்கம்.

சுவாமி அவன் பக்கம் திரும்பினார். "ஜெறோம், இங்கே நிற்கும் ஷெறினை உமது மனைவியாக ஏற்றுக்கொள்கிறீரா?"

ஷெறின் தலையைத் திருப்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

விக்கல் இல்லை. கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று.

"ஓம், ஏற்றுக்கொள்கிறேன்" என்றான், மணி அடித்தது போல.

முன்வரிசையில் இருந்த றீற்றா அக்கா எழுந்து கோயில் முழுவதையும் பார்த்துக் கையை உயர்த்தினார். "பாத்தியளோ! அவளின்ரை பேரிலை நிண்டிட்டுது! என்ரை பிள்ளைதான் நினைச்சவள்!"

சனம் கைதட்டியது. றீற்றா அக்கா என்ன சொல்கிறார் என்று தொத்தொரெஸ்ஸா கேட்டார், சொன்னேன். அவர் எட்டி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அது வெள்ளைத் துணி போல வெளுத்திருந்தது. குனிந்து என் காதோடு ஒரே ஒரு சொல் சொன்னார்.

"பயம்."

றீற்றா அக்காவின் கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது. "ஜசிந்தாக்கா, தொத்தொரெஸ்ஸா என்ன சொல்லுறா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் தெரிந்துகொண்டே பிழையாக மொழிபெயர்த்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

"அன்பாம்" என்றேன்.